அரை அங்குலப் பெருமை

ஒரு கூற்றை எடுத்து மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம். "கம்பெனி போட்டுத் தந்ததைவிடக் கொஞ்சம் பெரிய டயர் போட்டால் வண்டி நன்றாக ஓடும், வேகமான வண்டியென்றால் இன்னும் நன்றாக ஓடும்" என்பதே அக்கூற்று. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கடைத்தெருக்களில் அது பழமொழியாகிவிட்டது. நம் வகுப்பறைகளின் கடைசி வரிசைகளில் அது வேதவாக்கு. ஸ்போர்ட்ஸ் காரைக் கைப்பேசியில் மட்டுமே பார்த்திருக்கும் பிள்ளைகள், அப்பாவின் பழைய காரையோ மூன்றாம் கைக்கு வந்த வண்டியையோ அந்தக் கனவின் அளவுக்கு உயர்த்த முனைகையில் முதலில் கைவைப்பது டயரில்தான்.

தமிழ் வாத்தியார்களுக்கு இதில் என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. அவர்களுக்கு நம் விடை சுருக்கமானது. மேற்கண்ட கூற்றில் 'கொஞ்சம்' என்றொரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு யாரும் அளவு கூறவில்லை. அளவு கூறாத சொல்லை நம்பி மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகிறவர்கள் நம் மாணவர்கள். சொல்லின் பொருளைக் கேட்பது நம் தொழில்; ஆகவே கேட்கிறோம்.

(டயர் என்று எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. தூய தமிழ் அன்பர்கள் வேறு சொல் பரிந்துரைக்கக்கூடும். அச்சொல்லோடு தேரடிப் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய் நின்று பார்க்கட்டும். காற்று அடித்துத் திரும்பி வந்தால் அதன்பின் நாமும் மாற்றிக்கொள்கிறோம்.)

டயர் நம் ஊருக்கு அயற்பொருள் அன்று. 1946இல் மாம்மென் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1952இல் தேய்ந்த டயருக்கு மறுபட்டை போடும் ரப்பருக்கு வந்தது. 1961இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டோடு டயருக்கு வந்தது. 1967இல் அந்த அமெரிக்காவுக்கே டயர் அனுப்பியது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிற்று. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை எழுந்து புல்லட்டுகளைக் கோக்கத் தொடங்கியது. பலூன், டயர், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே சாலையின் ஓரத்தில் பிறந்தவை. வடக்கே சற்றுத் தொலைவில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வருவதற்கு முன்புவரை கார்ப் பந்தயங்கள் நடந்தன. சென்னையில் பூட்டப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் பம்பாயின் ஃபியட்டும் அங்கே சீறின.

இத்தனையும் சொல்வது ஊர்ப்பெருமைக்காக அன்று. ரப்பரை நூலோடும் கம்பியோடும் அடுக்கி, அச்சில் வைத்து, நீராவியில் வேகவைத்து எடுக்கும் கைகள் இந்த ஊரில் இருந்தன, இருக்கின்றன. ஒரு டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்களுக்குப் பொருள் தெரிந்த தந்தையர் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் பிள்ளைகள் அந்தப் பொருளைத் தந்தையிடம் கேட்காமல், கண்ணாடியும் தொப்பியும் அணிந்து காணொளியில் கத்துகிற எவரிடமோ கேட்கிறார்கள். நம் சினத்தின் வேர் இங்கே இருக்கிறது.

இனி அந்த எண்களுக்கு வருவோம். 205/55 ஆர்16 என்று ஒரு டயரில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் மேலும் கீழும் இரண்டு முறை வரும். கூட்டிப் பாருங்கள்: டயரின் முழு விட்டம் 631.9 மில்லிமீட்டர். 'கொஞ்சம் பெரிசு' என்று கடைக்காரர் 215/55 ஆர்16 மாட்டுகிறார். விட்டம் 642.9 ஆகிறது. பதினோரு மில்லிமீட்டர் கூடுதல். அரை அங்குலத்துக்கும் குறைவு. வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வதோ அதில் பாதி, ஐந்தரை மில்லிமீட்டர். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் உயரத்தை ஒட்டியது அது. இந்த உயரத்துக்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம்.

சிறிய மாறுதல்தானே என்பீர்கள். ஆம், சிறியது, 1.7 விழுக்காடு. ஆனால் சக்கரம் ஒருமுறை சுற்றி நிற்பதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 504 சுற்றுச் சுற்றிய சக்கரம் இப்போது 495 சுற்றில் அதைக் கடக்கிறது. வேகமானி சுற்றை எண்ணுகிறதே ஒழியச் சாலையை அளப்பதில்லை. அது ஒரு லட்சம் கிலோமீட்டர் காட்டும்போது வண்டி அதைவிட ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர் கூடுதலாக உழைத்திருக்கும். கியர்கள் எல்லாம் அந்த அளவுக்கு 'நீண்டு' போகும். எஞ்சின் இழுக்கும் இழுப்பு அந்த அளவுக்குக் குறையும். பிரேக் அதே பிரேக். அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரத்தின் ஆரம் மட்டும் கூடிவிட்டது. ஆக, அதே மிதிக்குத் தரையில் விழும் பிடி குறைவு. வேகத்துக்காக மாட்டிய டயர் புறப்பாட்டை மந்தமாக்குகிறது. நிற்பதையும் சற்றுத் தள்ளிப் போடுகிறது. இதைத்தான் 'நன்றாக ஓடும்' என்கிறார்கள்!

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த 1.7 விழுக்காட்டால் மட்டும் யாரும் சாவதில்லை. வேகமானி மெய்யான வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் 39ஆவது; எனவே தயாரிப்பாளர்கள் அதைச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கிறார்கள். சிறு பிழையை அந்த இடைவெளி விழுங்கிவிடும். மூன்று விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும் தீங்கில்லை என்பது டயர்த் தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. நம் எதிர்ப்பு மூன்று விழுக்காட்டின் மீது அன்று. 'கொஞ்சம்' என்று சொல்லிவிட்டு மூன்றா எட்டா என்று கேட்காதவர்களின் மீது.

கணக்குத் தெரிந்தவர்கள் பெரிய டயரை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டரும் 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000உம் மெய்யான ஸ்போர்ட்ஸ் கார்கள். இரண்டும் பின்சக்கரத்தால் ஓடுபவை. இரண்டிலும், போர்ஷேயின் பதினாறு அங்குல ரிம்மில், முன்டயர் 205/55 ஆர்16; பின்டயர் 225/50 ஆர்16. பின்னது இருபது மில்லிமீட்டர் அகலம் கூடியது. விட்டத்தைக் கணக்கிடுங்கள்: முன்னது 631.9, பின்னது 631.4. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்! அகலத்தைக் கூட்டிய கை உயரத்தைக் குறைத்து ஈடுகட்டியிருக்கிறது. பெரிதாக்கியும் பெரிதாக்காத வித்தை அது. அதுவும் பின்னால் மட்டும் ஏன் அகலம்? எஞ்சினின் வலிமை பின்னால் இறங்குகிறது. வளைவில் பின்புறம் வழுக்கிச் சுழலாதிருக்கப் பின்னால் பிடி கூடுதலாக வேண்டும். அந்த வண்டியின் முன்னாலும் ஒருவர் 225 மாட்டினால், சமன் குலைந்து, வளைவில் வால் முந்திக்கொண்டு வெளியே வரும். நம் கடைத்தெருவில் இந்த வினாவை யாராவது கேட்டிருக்கிறார்களா? முன்னா பின்னா என்ற வினாவையே கேட்டதாகத் தெரியவில்லை. "நாலும் பெரிசா போடு" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது.

யாப்புப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஒரு எழுத்துக் கூடியதென்றால் எங்கோ ஒரு தளை தட்டியிருக்கிறது என்று பொருள். 'ஒரு எழுத்துத்தானே, பெரிசா இருந்தால் கம்பீரமாக இருக்குமே' என்று எந்தப் புலவனும் வாதிட்டதில்லை. கூட்ட வேண்டுமென்றால் தொடக்கத்தை மாற்றி, அதற்கேற்ப மற்றதையும் மாற்றிக் கூட்டினான். வாகனமும் ஒரு யாப்பு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாம் டயரின் அளவை ஒரு சீராக வைத்துக் கட்டப்பட்டவை. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வண்டியின் அச்சை முறிப்பதற்கு இரும்பையோ கல்லையோ ஏற்றவில்லை, மயிலிறகை ஏற்றினார். 'கொஞ்சம்' என்போர்க்கு அதைவிடப் பொருத்தமான விடை நமக்குத் தெரியவில்லை.

அகலம் கூடினால் பிடிப்புக் கூடும் என்பது அவர்களுடைய வலுவான வாதம். உலர்ந்த சாலையில், வளைவில், அது உண்மை. ஆனால் மழையில்? ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒரு உள்ளங்கை. அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதன்மேல் இறங்கும் எடையும் உள்ளிருக்கும் காற்றழுத்தமும். அகலமான டயர் மாட்டினால் உள்ளங்கை அகலமாகிக் குட்டையாகிறது. மொத்தப் பரப்பு அவ்வளவாக மாறுவதில்லை. தேங்கிய நீரை எதிர்கொள்ளும்போது குறுகிய டயர் கத்திபோல் நீரைப் பிளந்து இறங்கும். அகன்ற டயர் பலகைபோல் அதன்மேல் ஏறும். ஏறிவிட்டால் ஸ்டியரிங்குக்கும் சாலைக்கும் உறவு முறிந்தது. பிரேக்கும் வெறும் மிதிகட்டை. ஐப்பசி, கார்த்திகையில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் உழுது போன தடங்களில் நீர் வாய்க்காலாய் நிற்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள். வழுக்குவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. அந்தச் சாலையில் மீன் கூடையோடு நடப்பவர்களும் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் நாம் எந்த அகலம் மாட்டியிருக்கிறோம் என்று அறியமாட்டார்கள்.

பெரியதே உயர்ந்தது என்ற எண்ணத்தை ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்களே கைவிட்டதற்கு ஒரு சான்று. 2012இல் டொயோட்டா தன் 86 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு, எரிபொருள் மிச்சத்துக்குப் பேர்போன தன் பிரியஸ் காரில் மாட்டிய அதே வகை 215/45 ஆர்17 டயரை மாட்டி விற்றது. காசு மிச்சம் பிடிக்க அன்று. பிடிப்பு அளவோடு இருந்தால்தான் ஓட்டுகிறவன் குறைந்த வேகத்திலேயே வண்டியின் எல்லையை உணர்வான் என்பது அவர்கள் கொள்கை. அளவற்ற பிடிப்புள்ள வண்டியில் எல்லை தெரிவதில்லை. தெரியும்போது வேகம் மீட்சிக்கு அப்பால் போயிருக்கும். ஃபார்முலா ஒன் பந்தயமும் 2017இல் டயர்களை அகலமாக்கியது. முன்டயர் 245இலிருந்து 305, பின்டயர் 325இலிருந்து 405. அப்போது கார் முழுவதையும் புதிதாக வரைந்தார்கள். 2026ஆம் ஆண்டு விதிகளில் முன்னால் 25 மில்லிமீட்டரும் பின்னால் 30 மில்லிமீட்டரும் குறைத்துவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தடத்தில் நடந்த ஃபார்முலா ஃபோர் இரவுப் பந்தயத்திலும் எல்லாருக்கும் ஒரே அளவு டயர்தான். பெரிய டயர் போட்டதால் அங்கே எவரும் வெல்லவில்லை.

எதிர்க்கட்சியிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது வாதமாகாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் உள்ள பள்ளங்களுக்கு ஐரோப்பிய வழுவழுப்புச் சாலைக்குச் செய்த மெல்லிய பக்கச்சுவர் ஈடுகொடாது. இங்கே சற்று உயர்ந்த பக்கச்சுவர் வேண்டும் என்பவன் முட்டாள் அல்லன். அவனோடு நாம் சண்டையிடவில்லை. கணக்குப் போட்டு, சக்கரக்கூட்டில் இடம் பார்த்து, மூன்று விழுக்காட்டுக்குள் நின்றுகொள் என்கிறோம். அவ்வளவே. நாம் சண்டையிடுவது அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு இதற்கு நேர்மாறானதைச் செய்பவனோடு. அவன் பெரிதாக்குவது டயரை அன்று, ரிம்மை. பதினைந்தைக் கழற்றிப் பதினேழு அங்குல அலாய் மாட்டுகிறான். விட்டம் மீறாதிருக்கப் பக்கச்சுவரை ஒட்ட அறுத்த டயரைச் சுற்றுகிறான். பார்வைக்குப் படம்போல் இருக்கும். ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருந்த காற்றுமெத்தை போய்விட்டது. முதல் பெரிய பள்ளத்தில் ரிம் நெளியும், அல்லது பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து புடைக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடியதால் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் தரையை விட்டு எழும்பித் திரும்ப நேரமாகும். நம் சாலையைக் காரணம் காட்டி நம் சாலைக்கு ஆகாததை மாட்டுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இனி மறுகோடியில் நிற்கும் அன்பர்கள். கம்பெனி தந்ததே வேதம், ஒரு திருகையும் தொடாதே என்பவர்கள். சட்டம் இவர்கள் பக்கம் சாய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது. அதே ஆண்டின் திருத்தத்தால், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரே காரின் வெவ்வேறு வகைகளுக்குத் தயாரிப்பாளரே இரண்டு மூன்று டயர் அளவுகளைக் குறித்திருப்பதுண்டு. கையேட்டிலோ கதவோரத் தகட்டிலோ பார்த்து அவற்றுள் பெரியதைத் தேர்வது அறிவுடையோர் செயல். அதைத் தாண்டுவது காப்பீட்டுக்காரர் கையில் நாமே ஆயுதம் கொடுப்பது. சட்டத்தை மதிக்கிறோம். ஆனால் அச்சட்டத்தின் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்கவும் செய்கிறோம். 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சு தாங்கலாம் என்ற எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக அரசு உயர்த்தியது. அதுவும் ஒரு 'கொஞ்சம்'தான். துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கொஞ்சத்தைச் சுமந்து மொட்டை டயரோடு உருளும் டிரெய்லரை விட்டுவிட்டு, இருபது வயதுப் பிள்ளையின் பளபளக்கும் ரிம்மை மட்டும் ஓரங்கட்டி நிறுத்தும் கண்டிப்பில் நீதி எவ்வளவு, வசதி எவ்வளவு?

அளவில் கண்டிப்பு என்றால் என்ன என்று அறிய இராயபுரத்துக்குப் போகலாம். 1856இல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் அங்கே இருக்கிறது. மின்எஞ்சின் பணிமனையும் இருக்கிறது. ஒரே அச்சில் உள்ள இரண்டு இரும்புச் சக்கரங்களின் விட்டத்துக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூட இரயில்வே பொறுப்பதில்லை. கடைந்து சமன்செய்த பிறகே ஓடவிடும். ஒரே அச்சில் இருபுறமும் இருவேறு அளவு டயர் மாட்டிக்கொண்டு, 'ஸ்டெப்னிதானே, சமாளிக்கும்' என்று மாமல்லபுரம்வரை போய்வருகிறவர்கள் இரும்புச் சக்கரத்திடம் படிக்க வேண்டும்.

ஸ்டெப்னி என்றதும் நினைவுக்கு வருவது புறநானூறு. மேடோ பள்ளமோ எது வருமோ என்று உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டி வைத்ததை ஒளவையார் பாடியிருக்கிறார். சேம அச்சு என்று அதற்குப் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் மாற்றுச் சக்கரம் விற்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முன்பே உமணருக்கு அந்த எண்ணம் இருந்தது. அவர்களுடைய சேம அச்சு வண்டியின் அச்சுக்குப் பொருந்தியிருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பொருந்தாத அச்சை யாரும் சுமந்து திரியமாட்டார்கள். நம் பிள்ளைகள் நான்கு டயரைப் பெரிதாக்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே டிக்கியில் போட்டு மூடுகிறார்கள். ஐந்தாவதும் வாங்கக் காசில்லை. பஞ்சராகும் நாளில் ஒரு பக்கம் பெரியதும் ஒரு பக்கம் சிறியதுமாக மாட்டி ஓட்டும்போது இரு சக்கரங்களின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரென்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் அரைபடுகிறது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை டிஃபரென்ஷியல் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது சூடேறிக் கெடும்.

கடைக்காரர்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. ரசீதில் பழைய அளவையும் புதிய அளவையும் எழுதுங்கள். இரண்டின் விட்டத்தையும் எழுதுங்கள். சுமைக்குறியை எழுதுங்கள்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், அதற்குக் கீழே இறங்காதீர்கள். வேகக்குறியை எழுதுங்கள்: எச் என்றால் 210, வி என்றால் 240. பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் எழுதுங்கள்; 2319 என்றால் 2019இன் இருபத்து மூன்றாம் வாரம் என்று வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து, சக்கரக்கூட்டில் டயர் உரசுகிறதா என்று பாருங்கள். "முழுசா ஒடிச்சாத்தான் சார் லேசா உரசும்" என்று ஒரு கடையில் நமக்கு விடை வந்தது. காசிமேட்டுச் சந்துகளில் முழுதாக ஒடிக்காமல் எந்த வண்டி திரும்பியிருக்கிறது?